கொட்டுவதற்கு முன்னால் விலையைக் குறையுங்கள்

ஊத்துக்குளியிலும் செங்கப்பள்ளியிலும் குன்னத்தூரிலும், இங்கிருந்து திருப்பூர் போகிற சாலை நெடுகிலும் சூப்பர் மார்க்கெட் நடத்துகிற முதலாளிகளுக்கும், அந்தக் கடைகளில் சரக்கு எடுத்துப் பராமரிக்கிற மேலாளர்களுக்கும்:

உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங் வேலை பார்த்தவள். விலைவாசியைப் பற்றிப் புகார் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. இராத்திரி ஷட்டர் பாதி இறங்கிய பிறகு உங்கள் பின்வாசலில் நடக்கிற காரியத்தைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு கடையின் பின்பக்கம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தயிர் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக பிளேடால் கீறிச் சாக்கடையில் ஊற்றினார்கள். அடுத்து ரொட்டி. கவரைப் பிரித்து, ரொட்டியைத் தொட்டியில் கொட்டி, அதன்மேல் ஃபினாயிலை ஊற்றினார்கள். யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. காலிக் கவர் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதில் அச்சாகியிருந்த கடைசித் தேதி மறுநாள். இன்றைக்கே ஏன் கொட்டுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பில் போடுகிற பெண் சொன்னாள்: “காலைல ரேக்குல இருந்து யாராச்சும் போட்டோ எடுத்துட்டா எங்க சம்பளத்துலதானுங்க்கா புடிப்பாங்க. கொட்டிட்டா கேள்வி இல்லீங்க.”

அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கொட்டினால் கேள்வி இல்லை, வைத்திருந்தால் அபராதம் என்று ஒரு ஏற்பாடு இருந்தால் யாராக இருந்தாலும் கொட்டத்தான் செய்வார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேதி முடிந்ததை எங்கள் தலையில் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. காலாவதியான உணவை விற்றால் விற்றவரே பொறுப்பு என்று 2006-ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அது இருக்க வேண்டிய சட்டம். நான் கேட்பது அந்தத் தேதிக்கு முந்தைய நாட்களைப் பற்றி. மூன்று நாள், இரண்டு நாள், கடைசி ஒரு சாயங்காலம். நல்ல பொருள், நல்ல நிலையில், முழு விலையோடு உங்கள் ரேக்கில் யாரும் தொடாமல் கிடக்கிற அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எதுவும் செய்வதில்லை. தேதி வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள்.

எங்கள் ஊரில் பணம் எப்படிப் புழங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. பனியன் கம்பெனிக்குச் சனிக்கிழமை சம்பளம். கவர் கைக்கு வந்ததும் உங்கள் கடைகளில் கூட்டம் நிற்க இடமில்லாமல் நெரியும். ஞாயிறு காலையிலும் அப்படியே. அதற்காக வெள்ளிக்கிழமையே லாரி லாரியாகச் சரக்கு இறக்குகிறீர்கள். திங்கட்கிழமை கடையில் ஆள் இல்லை. செவ்வாய், புதன் என்று மிச்சச் சரக்கு வாடத் தொடங்குகிறது. வியாழக்கிழமை இராத்திரி பின்வாசல் திறக்கிறது.

அதே வியாழக்கிழமை எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். ஞாயிறு கறி எடுத்தாயிற்று, சீட்டுப் பணம் கட்டியாயிற்று, பிள்ளையின் வேன் காசு போயிற்று. வியாழக்கிழமை பர்ஸில் சில்லறைதான் மிச்சம். முட்டையும் பழமும் தயிரும் முதலில் நிற்கும். ரசமும் ஊறுகாயுமாகச் சனிக்கிழமை வரை ஓட்டுவோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கும் சோறும்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற வரிசையைப் பார்த்தாலே அந்தக் கணக்கு எங்களுக்குப் புரியும்.

நீங்கள் கொட்டுகிற நாளும் எங்கள் கை காலியாக இருக்கிற நாளும் ஒன்றாகவே வருகின்றன. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஆள் இல்லை. சேர்த்து வைக்க உங்களால் மட்டுமே முடியும்.

செகண்ட்ஸ் சரக்கை என்ன செய்வது என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செக்கிங் டேபிளில் ஒரு பனியனில் சின்ன ஓட்டை தெரிந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அதை நாங்கள் தீ வைத்துக் கொளுத்துவதில்லை. தனியாக எடுத்து வைப்போம். அது செகண்ட்ஸ் விற்கிற திருப்பூர் காதர்பேட்டைக்குப் போகும். கால்வாசி விலைக்கு ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு வாங்கிப் போவான். கட்டிங் வேஸ்ட் எடைக்கு விலை போகும். அதிலிருந்து மறுபடியும் நூல் எடுக்கிற மில் உண்டு. அதற்கும் ஆகாத துணி மிஷின் துடைக்கப் போகும். துண்டுத் துணிக்குக்கூட விலை வைக்கத் தெரிந்த ஊரில், ஒரு லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ தக்காளிக்கும் இரண்டாவது விலை என்று ஒன்று ஏன் இல்லை? பாக்கெட்டின்மேல் அச்சடித்திருப்பது அதிகபட்ச விலைதான். அதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் நீங்கள் விற்கலாம். எந்த அதிகாரியும் வந்து தடுக்கப் போவதில்லை.

அடுத்து, பொருள் கெடுவது. தேதி முடிவதால் மட்டும் உங்கள் சரக்கு வீணாவதில்லை. பாதிக்கு மேல் கவனிப்பு இல்லாமல் கெடுகிறது என்பதே என் எண்ணம். கோபம் வந்தாலும் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஃபிரீஸரில் தொடங்குகிறேன். உறைந்த பொருள் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். பாலும் தயிரும் பன்னீரும் ஐந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உங்களில் சிலர் கரண்ட் பில்லுக்குப் பயந்து, கடை பூட்டும்போது ஃபிரீஸரையும் நிறுத்திவிட்டுப் போகிறீர்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் லைட்டுக்கும் பில்லிங் கம்ப்யூட்டருக்கும் ஓடுகிறது, குளிர்பெட்டிக்கு ஓடுவதில்லை. காலையில் வந்து பார்த்தால் ஐஸ்கிரீம் உருகி மறுபடி உறைந்து கட்டியாகியிருக்கும், தயிர் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும், பட்டாணிக் கவருக்குள் பனி பாறையாகப் படிந்திருக்கும். அச்சடித்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று அதையே மறுபடி அடுக்குகிறீர்கள். வாங்கிப் போகிறவள் வீட்டில் பிரித்துப் பார்த்துக் குப்பையில் போடுகிறாள். அந்த விரயம் உங்கள் கணக்கில் வரவில்லை, அவள் கணக்கில் போய்விட்டது. ஓர் இராத்திரி மிச்சப்படுத்திய மின்சாரத்துக்கு இவ்வளவு பாலைக் கொடுக்க வேண்டுமா?

அடுக்குகிற முறையும் அப்படித்தான். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால் என்பது எந்த மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் தெரிந்த பாடம். உங்கள் கடையில் அவசர அவசரமாகப் பெட்டியைப் பிரித்து, வந்ததை முன்னால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். பழையது சுவரோரம் ஒட்டிக் கிடந்து அங்கேயே செத்துப் போகிறது. ரேக் அடுக்குவதற்கென்று வைத்த பையனையே லோடு இறக்கவும், டெலிவரிக்கும், தரை துடைக்கவும் அனுப்பினால் அவன் தேதியை எப்போது பார்ப்பான்?

காய்கறிப் பகுதிக்கு வாருங்கள். தக்காளிக் கிரேட் மேல் கிரேட்டாக அடுக்கி, அடியில் இருப்பது நசுங்கி நீர்விட்டு, அந்த ஈரத்தில் மேலே உள்ளதும் அழுகுகிறது. காலையில் வந்த கீரைக்கட்டு நண்பகலுக்குள் ஏசிக் காற்றில் காய்ந்து, இராத்திரி ஏசியை நிறுத்திய பிறகு அடைத்த ஷட்டருக்குள் வெந்து போகிறது. வாழைப்பழத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தால் உங்களுக்கு அது டேமேஜ். எங்களுக்கு அப்போதுதான் பழம். உடுமலைப் பக்கத்துத் தக்காளிக்காரர் விலை இல்லாமல் ரோட்டில் கொட்டிவிட்டு நிற்கிற வருடங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர் வயிறு எரிந்து கொட்டினார். உங்கள் கடையில் அதே தக்காளி கேட்பாரில்லாமல் அழுகுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று இருக்கிறது: தேவைக்கு மேல் எடுப்பது. லைன் சேல்ஸ்மேன் வந்து பத்து கேஸ் எடுத்தால் ஒரு கேஸ் ஃப்ரீ என்கிறார். மாதம் நாலு கேஸ் ஓடுகிற கடையில் பத்து இறங்குகிறது. தேதி நெருங்கியதும் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு மாட்டுகிறீர்கள். ஒரு பாக்கெட் போதும் என்று வந்தவள் இரண்டைத் தூக்கிப் போய் ஒன்றைக் கெடவிடுகிறாள். எனக்கு இரண்டு வேண்டாம். ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுங்கள், போதும்.

உலகம் முழுக்க வீணாகிற உணவில் கடைகளின் பங்கு குறைவுதானே என்று உங்களில் படித்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். 2022-இல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில், 12 சதவீதம்தான் சில்லறைக் கடைகளில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. வீட்டில் நாங்கள் செய்கிற விரயத்துக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கோடிக்கணக்கான அடுப்படிகளைத் திருத்த எத்தனை காலம் ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் கடையில் அதை முடிவு செய்ய ஒரு மேலாளர் போதும், ஒரு வார யோசனை போதும்.

பிரான்ஸ் நாட்டில் சூப்பர் மார்க்கெட்டுகள் மிஞ்சிய உணவின்மேல் பிளீச் ஊற்றுவதைப் பார்த்து மக்கள் கொதித்தார்கள். 2016 பிப்ரவரியில் அங்கே சட்டமே வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சாப்பிடத் தகுந்த உணவை வேண்டுமென்றே நாசம் செய்யக் கூடாது. தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஜப்பானில் 2021-இல் அரசும் கடைக்காரர்களும் சேர்ந்து, உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் ரேக்கில் முன்னால் இருப்பதையே எடுங்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டு அட்டை மாட்டினார்கள். இவ்வளவு சின்ன வேலை. நீங்களும் மாட்டுங்கள். எங்களில் பலர் பின்னால் கைவிட்டுப் புதிய தேதியைத் தேடி எடுக்கிற பழக்கம் உள்ளவர்கள். கேட்டால் கேட்போம்.

மிஞ்சியதைத் தானமாகக் கொடுத்து யாருக்காவது வயிறு கெட்டால் எங்கள்மேல் கேஸ் வருமே என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்காகத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் உபரி உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கென்று தனி விதிமுறையே கொண்டுவந்தது. காலாவதியாகாததை, சுத்தமாக, உரிய குளிரில் வைத்து, பதிவு செய்த அமைப்பிடம் கொடுக்க வழி இருக்கிறது. கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு கல்யாண மண்டபங்களில் மிஞ்சுகிற சாப்பாட்டை எடுத்துப் போய்ப் பசித்தவர்களிடம் சேர்க்கிறது. 2017-இல் சென்னை பெசன்ட் நகரில் ‘அய்யமிட்டு உண்’ என்று ஒரு குளிர்பெட்டியைத் தெருவில் வைத்தார்கள். இருப்பவர் வைக்கலாம், இல்லாதவர் எடுக்கலாம். சமைத்த சோற்றையே பத்திரமாகக் கைமாற்ற முடிகிற மாநிலத்தில், மூடிய பாக்கெட்டைக் கைமாற்ற முடியாது என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

விலை குறைத்தால் எல்லாரும் அந்த நேரத்துக்குக் காத்திருந்து வாங்குவார்களே, முழு விலைக்கு யார் வாங்குவார் என்றும் கேட்பீர்கள். சனிக்கிழமை கூட்டம் எதற்கும் காத்திருக்காது. வீட்டில் அரிசி தீர்ந்தவள் வியாழக்கிழமை வரை பொறுக்க மாட்டாள். வியாழக்கிழமை பாதி விலைக்குத் தயிர் வாங்குகிறவள், முழு விலை என்றால் அன்றைக்குத் தயிரே வாங்காதவள். உங்களுக்கு அவள் புது வாடிக்கை.

இதையெல்லாம் செய்த பிறகும் கொஞ்சம் கெடத்தான் செய்யும். அதை என்ன செய்வது? இன்றைக்கு ரொட்டியும் கோஸ் இலையும் பிளாஸ்டிக் கவரும் உடைந்த பாட்டிலும் ஒரே சாக்கில் போகின்றன. போய்ச் சேருகிற இடம் பாறைக்குழி. முதலிபாளையத்திலும் இடுவாய்ப் பக்கமும் பாறைக்குழிகளில் திருப்பூர்க் குப்பையைக் கொட்டக் கூடாது என்று 2025-இல் மக்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஈயும் நாற்றமும் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரும் அவர்கள் வீட்டு வாசலில். பிளாஸ்டிக் அப்படி நாறாது. நாறுவது உணவு. உங்கள் கடை வாசலில் விரிக்கிற சிவப்புக் கம்பளத்துக்கும் அந்த ஊர்க்காரர்களின் மூக்குக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் என்று வெளியூர்க்காரருக்கும் தெரியும். எருமையும் மாடும் இன்னமும் இங்கே பல வீடுகளின் வருமானம். கோஸின் மேலிலை, காலிஃபிளவர் தழை, கேரட் தலைப்பு, முள்ளங்கிக் கீரை எல்லாம் அன்றன்றைக்கே தனிக் கூடையில் போட்டு வைத்தால் பால்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பூசணம் பிடித்த ரொட்டியையும் பருப்பையும் மாட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பூசணத்து விஷம் மாட்டோடு நிற்காது, பாலில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் அஃப்லடாக்சின் எம்1 வரம்புக்கு மேல் இருந்தது. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகமாகச் சிக்கிய மாநிலம் நம்முடையதுதான். பூசணம் பிடித்த தீவனத்திலிருந்து வருகிற விஷம் அது. மாட்டுக்குத் தழையும் தோலும் போகட்டும், கெட்டது உரக்குழிக்குப் போகட்டும்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு கடையிலும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ரேக்கை ஒதுக்குங்கள். பின்னால் மூலையில் வேண்டாம்; அங்கே போய் எடுப்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாளுக்குள் தேதி முடியப் போகிற பாலும் தயிரும் ரொட்டியும் மாவும், வாடத் தொடங்கிய காயும், புள்ளி விழுந்த பழமும் அதில் வரட்டும். தேதியைப் பெரிய எழுத்தில் தமிழிலும் இந்தியிலும் எழுதி வையுங்கள். புதனும் வியாழனும் சாயங்காலம் பாதி விலை. இராத்திரி ஒன்பதரை வரை அந்த ரேக் இருக்கட்டும்; ஒன்றரை ஷிஃப்ட் பார்த்து எட்டரைக்குக் கம்பெனி விட்டு வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு மேலும் மிஞ்சுகிற நல்ல பாக்கெட்டுகளை அன்று இராத்திரியே பக்கத்து முதியோர் இல்லத்துக்கோ பதிவு பெற்ற அமைப்புக்கோ கொடுத்துவிடுங்கள். குளிர்பெட்டி இராத்திரி முழுக்க ஓடட்டும்.

தினமும் எதைக் கொட்டினோம், எவ்வளவு, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காலாவதியானதையும் நிராகரித்ததையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டச் சொல்லி 2024 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்டது தயாரிப்பாளர்களையும் இறக்குமதியாளர்களையும்தான். உங்களைக் கேட்கவில்லை. கேட்காமலே நீங்கள் எழுதலாம். ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் எந்தச் சரக்கை எவ்வளவு குறைத்து எடுக்க வேண்டும் என்று எந்த சேல்ஸ்மேனும் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். அந்த நோட்டை எழுதுகிறவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். கை வைத்தால் அதில் பொய்தான் எழுதுவார்கள், சரக்கு மறுபடியும் சாக்கடைக்குத்தான் போகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. முதலில் அந்த ரேக். இந்த மடலைப் படித்த பிறகு உங்கள் கடையில் முதல் வியாழக்கிழமை எது என்று தேதி குறித்து வாசலில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் தெருவிலும் லைன் வீடுகளிலும் வேனில் கூட வருகிறவர்களிடமும் சொல்லிக் கூட்டி வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் கடையில் சாமான் வாங்குகிற
ஊத்துக்குளிக்காரி